புதுப்பிப்பு: சொந்தக் கல்லூரியிலேயே ரெசிடென்சி
அமெரிக்காவில் நான் படிக்கும் மருத்துவக் கல்லூரியிலேயே பொது மருத்துவ ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) பெறும் வழிகளைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். மாணவர்களையும் பயிற்சி இடங்களையும் இரு தரப்பின் விருப்பப் பட்டியல்படி இணைக்கும் மேட்ச் முறையின் மார்ச் மாத முடிவில் அந்த இடமே கிடைத்திருக்கிறது. 2022 முதல், மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் 1 தேர்வில் மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி மட்டுமே அறிவிக்கப்படுவதால், நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே செய்த சப்-இன்டர்ன்ஷிப்பும் (பயிற்சி மருத்துவரைப் போல மாணவர் பணிபுரியும் பயிற்சி), அப்போது என் வேலையை நாள்தோறும் பார்த்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும்தான் அதிகம் உதவின என்பது என் கணிப்பு. நம்மைத்தான் தெரியுமே என்று எண்ணி, சொந்தக் கல்லூரிக்குச் சிக்னல் (விண்ணப்பத்தோடு அனுப்பும் தனி ஆர்வக் குறி) அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள். மேட்சுக்கு நீங்கள் கொடுக்கும் தரவரிசைப் பட்டியலில், கிடைக்குமா என்று கணக்குப் போடாமல், உண்மையில் விரும்பும் இடத்தையே முதலில் வையுங்கள். மேட்ச் முறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்தே தொடங்குவதால், முதலிடம் கைகூடாவிட்டாலும் அடுத்த இடங்களுக்கான வாய்ப்பு குறைவதில்லை. உங்கள் பட்டியலில் முதலிடம் தருவதாக நீங்களாகவே ரெசிடென்சி திட்ட இயக்குநருக்கு எழுதலாம். எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று திட்டத்தினர் உங்களிடம் கேட்பதுதான் விதிமீறல்.