புதுப்பிப்பு: கண் பிளாஸ்டிக் சர்ஜரி ஃபெல்லோஷிப்பை விடவில்லை

ஃபெல்லோஷிப்பில், அதாவது கண் மருத்துவப் படிப்புக்குப் பிறகான சிறப்புப் பயிற்சியில், சேர்ந்து மூன்று மாதமாகியும் கையில் கத்தி வரவில்லை, நூல் வெட்டுவதோடு சரி, விட்டுவிடலாமா என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். பொறுக்கச் சொன்னீர்கள். பொறுத்தேன். இப்போது பதினோரு மாதம்.

நான்காவது மாதம் டோசிஸ், அதாவது சரிந்த மேலிமையைத் தூக்கும் அறுவை, கைக்கு வந்தது. எளிது என்று நினைத்திருந்தேன். மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும்; அது மேலிமையில் இருக்கும் முல்லர் என்ற சிறு தசையை முடுக்கி இமையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிடும். மருந்தின் வேகம் தணிந்ததும் இமையும் இறங்கும். அந்த இறக்கத்தையும் கணக்கில் வைத்துத்தான் முடிச்சுப் போட வேண்டும். என் முதல் கேஸில் மேசையிலேயே உட்கார வைத்துப் பார்த்தபோது இரண்டு கண்ணும் சமம். அப்படியொரு சந்தோஷம்! ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் குறைவு. மறுபடி திறந்தோம்.

இன்னொன்று, இரண்டு இமைகளைத் தூக்கும் தசைகளுக்கும் மூளையிலிருந்து ஒரே அளவு உத்தரவுதான் போகிறது. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால், அதுவரை நன்றாகத் தெரிந்த மறுபக்கம் சில சமயம் சரியும். இப்போதெல்லாம் சரிந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்து, மற்றது சரிகிறதா என்று பார்க்காமல் அறுவைக்குத் தேதி கொடுப்பதில்லை.

கண்ணீர்ப்பாதை அடைப்புக்கான டிசிஆர் அறுவையில் இரத்தக் கசிவைப் பார்த்தால் இன்னும் பதற்றம்தான். கண்குழிக் கட்டிகளில் நான் வெறும் உதவியாள்.

அப்புறம், இடம் தேடுபவர்களுக்கு: எத்தனை அறுவை நடக்கிறது என்று கேட்காதீர்கள். போன வருட ஃபெல்லோ தன் கையால் எத்தனை செய்தார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.