டிஜிட்டல் நெகட்டிவில் காண்டாக்ட் பிரிண்ட்: கறுப்பு வந்தால் வெள்ளை அழுக்காகிறது

சிவப்புவிளக்கு கேட்டது:
டிஜிட்டல் படத்தை இங்க்ஜெட்டில் ட்ரான்ஸ்பரன்சி ஷீட்டில் நெகட்டிவாக அடித்து, மல்டிகிரேட் ஆர்.சி. பேப்பரில் (ஃபில்டர் மாற்றிக் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய, பிளாஸ்டிக் பூச்சுள்ள போட்டோ பேப்பர்) காண்டாக்ட் பிரிண்ட் போடுகிறேன், அதாவது நெகட்டிவைப் பேப்பர் மேலேயே ஒட்டிவைத்து வெளிச்சம் காட்டுகிறேன். வெளிச்சத்துக்கு என்லார்ஜர், கான்ட்ராஸ்ட் ஃபில்டர் எண் 2 (எண் கூடினால் கான்ட்ராஸ்ட் கூடும்). நல்ல கறுப்பு வரும்வரை எக்ஸ்போஷர் கூட்டினால் முகமும் வானமும் அழுக்காகின்றன. குறைத்தால் கறுப்பே இல்லை. நிழல் பகுதியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் வேறு. ஃபைலை இன்வர்ட் செய்வதோடு (கறுப்பு வெள்ளையை மாற்றிப்போடுவதோடு) சரி, டோன்களைத் திருத்தும் கர்வ் எதுவும் போடவில்லை. கோளாறு எங்கே?

வெள்ளுப்பு:
உங்க நெகட்டிவுக்கு டென்சிட்டி, அதாவது வெளிச்சத்தைத் தடுக்கிற அடர்த்தி, போதல. ஆனா கர்வை இப்பவே தொடாதீங்க, முதல்ல எக்ஸ்போஷரைக் கட்டிப்போடணும்.

ஒரு துண்டு பேப்பர்ல பாதியை எதுவும் அச்சடிக்காத வெறும் ஷீட்டால மூடி, 2 விநாடிப் படியா எக்ஸ்போஷரைக் கூட்டிக்கிட்டே போய் டெஸ்ட் ஸ்ட்ரிப் எடுங்க. டெவலப் பண்ணிக் காயவிட்டுப் பாருங்க. ஷீட் மூடின பக்கமும் மூடாத பக்கமும் வித்தியாசமே தெரியாம கறுத்த முதல் படிதான் உங்க நேரம். அது 5 விநாடிக்குள்ள முடிஞ்சா லென்ஸ் துவாரத்தை இன்னும் சுருக்குங்க, 10-20 விநாடி இருந்தா கையாள வசதி. இதுக்கப்புறம் எந்தப் படத்துக்கும் அந்த நேரத்தை மாத்தக் கூடாது.

அடுத்து 0-ல இருந்து 100 சதவீதம் வரை 5 சதவீத இடைவெளியில 21 கட்டம், 16 பிட் ஃபைல்ல செஞ்சு நெகட்டிவா அடிங்க. அதே நேரத்துல பிரிண்ட் போட்டா, இங்க் முழுசா விழுந்த கட்டம் பேப்பர் வெள்ளையா வந்தே ஆகணும். சாம்பலா இருந்தா இங்க் அதிகம் விழுற மீடியா செட்டிங் எடுங்க, இல்லேன்னா ஃபில்டரை 3, 3½-க்கு ஏத்துங்க. ஃபில்டர் மாறினா நேரமும் மாறும், வெறும் ஷீட் டெஸ்ட்டை மறுபடி எடுக்கணும்.

இது சரியான பிறகுதான் கர்வ். காஞ்ச பிரிண்டை ஸ்கேனர்ல ஆட்டோ திருத்தம் எல்லாத்தையும் அணைச்சுட்டு ஸ்கேன் பண்ணி, 21 கட்டத்தோட மதிப்பையும் எடுத்துக் கர்வ் போடுங்க. பாசிட்டிவ் படத்துல கர்வ், பிறகு இன்வர்ட், கடைசியா கிடைமட்ட ஃப்ளிப். அப்பத்தான் படம் இடவலம் மாறாம, இங்க் பக்கம் பேப்பரோட எமல்ஷனோட (வெளிச்சம் படுற பூச்சோட) ஒட்டி உட்காரும்.

நுண்துளி:
புள்ளிகளைப் பற்றி. நெகட்டிவில் நிழல் பகுதிதான் இங்க் குறைவாக விழும் இடம். துளிகள் தள்ளித்தள்ளி விழுவதால் ஒவ்வொன்றும் கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளியாகிறது. கறுப்பு இங்க் மட்டும் வைத்து அடித்தால் இது மிக மோசமாக இருக்கும். வெளிர் சாம்பல் இங்க்குகளும் சேரும் முறைக்கு மாறுங்கள். இருதிசை அச்சையும் (பிரிண்டர் ஹெட் போகும்போதும் வரும்போதும் அடிப்பதை) அணைத்துவிடுங்கள். லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தால் இங்க் புள்ளிகள் ஒரே அளவாகப் பரவியிருக்கும், தூசு கண்டபடி இருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் ஃப்ளிப் செய்யாமல் அடித்து, இங்க் பக்கத்தை மேலே பார்த்து வையுங்கள். ஷீட்டின் கனம் புள்ளிகளைச் சற்று மழுக்கும். என்லார்ஜர் வெளிச்சத்தில் கூர்மை பெரிதாகக் கெடாது. சுத்தவாதிகள் திட்டுவார்கள், திட்டட்டும்.

கலர் இங்க்குகள் கலந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: மஞ்சள் சாயல், மல்டிகிரேட் பேப்பரில் கிரேட் குறைக்கும் ஃபில்டர் போலவே வேலை செய்யும். செட்டிங்கை மாற்றினால் பழைய கர்வ் செல்லாது.

சிவப்புவிளக்கு:
ஃபில்டர் 3-இல் கடைசிக் கட்டம் ஏறக்குறைய வெள்ளை, ஆனாலும் ஒரு மங்கல் படிகிறது. சேஃப்லைட்டாக (இருட்டறை விளக்காக) இருக்குமோ?

வெள்ளுப்பு:
இருக்கலாம். வெளிர் சாம்பல் வர்ற அளவுக்கு மட்டும் பேப்பரை எக்ஸ்போஸ் பண்ணி, மேல ஒரு நாணயத்தை வெச்சு சேஃப்லைட்ல 5 நிமிஷம் விட்டு டெவலப் பண்ணுங்க. நாணய வட்டம் தெரிஞ்சா விளக்குதான் காரணம். வெறும் வெள்ளைப் பேப்பர்ல இந்தச் சோதனை செஞ்சா லேசான ஃபாக் (வேண்டாத வெளிச்சத்தால வர்ற மங்கல்) பிடிபடாது.

வட்டம் தெரியலைன்னா கடைசிக் கட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் இங்க் வேணும், அல்லது ஃபில்டர் 3½. டெவலப்பர்ல இருந்து முன்னாடியே பேப்பரை உருவி வெள்ளையைக் காப்பாத்தப் பார்க்காதீங்க, கறுப்பு போயிடும். 20 டிகிரியில, 1+9 கரைசல்ல (ஒரு பங்கு டெவலப்பர், 9 பங்கு தண்ணி) ஆர்.சி.க்கு ஒரு நிமிஷம் முழுசா. ஃபைபர் பேப்பருக்கு (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத பேப்பருக்கு) போனா 2 நிமிஷம்; அது காயும்போது இன்னும் கொஞ்சம் கறுக்கும், அதனால அதுக்குத் தனிக் கர்வ்.