கப்பலில் ஆளுக்கொரு பந்தி: மாற்றுவது எப்படி?

அடுத்த மாதம் சொகுசுக் கப்பலில் ஏழு இரவுப் பயணம். இரண்டு முன்பதிவுகள்: அம்மாவும் நாங்களும் ஒன்றில், அண்ணன் குடும்பம் மற்றதில். இரவு உணவுக்கு எங்களுக்கு மாலை 6 மணி முதல் பந்தி, அவர்களுக்கு 8.15 இரண்டாம் பந்தி. சேர்ந்து சாப்பிடத்தானே சேர்ந்து போகிறோம்! அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர், தாமதமாகச் சாப்பிட முடியாது. ஆகவே அண்ணன்தான் முதல் பந்திக்கு மாற வேண்டும்.

முகவர் இரு முன்பதிவுகளையும் இணைத்துவிட்டார். ஆனாலும் அண்ணனின் பதிவில் அதே 8.15, அதன் கீழே 'முதல் பந்தி: காத்திருப்போர் பட்டியல்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. நிறுவனத்தை அழைத்தால், "ஏறிய அன்றே உணவுக்கூட மேலாளரைப் பாருங்கள்" என்கிறார்கள். அன்று அவர் முன் நிற்கப்போகும் வரிசையை நினைத்தால் பசியே போய்விடுகிறது.

விரும்பிய நேரத்தில் சாப்பிடும் முறையில் இடம் இருக்கிறது. ஆனால் அதில் தினமும் அதே மேசை, அதே பரிசாரகர் என்ற உறுதி இல்லை; அம்மாவின் பத்தியத்தை ஒவ்வோர் இரவும் புதிதாக ஒப்பிக்க வேண்டும். எட்டுப் பேருக்குப் பெரிய மேசை கிடைப்பதும் சந்தேகம்தான்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: மேலாளரை நம்பிக் கப்பல் ஏறலாமா, இப்போதே எல்லோரும் அந்த முறைக்கு மாறிவிடலாமா?