ஸ்ட்ரைக்கருக்கு ‘நாதாங்கி’: என் பரிந்துரை

வணக்கம் நண்பர்களே,

வண்டிக் கதவைச் சாத்தும்போது அதன் பூட்டு வந்து கவ்விக்கொள்ளும் முளைக்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரைக்கர் என்று பெயர். நம் வாகனக் கலைச்சொல் இழையில் அதற்கு ‘அடிப்பான்’ என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பொருள் எதையும் அடிப்பதில்லை. வண்டியின் உடலோடு சேர்ந்து அசையாமல் நிற்கிறது. வந்து மோதுவது கதவில் இருக்கும் பூட்டுதான். ‘நாதாங்கி’ என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

போன மாதம் என் 1994ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் கதவோடு மல்லுக்கட்டியபோது நினைவுக்கு வந்த சொல் இது. இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் 2016 ஜனவரி வரை செய்த மாதிரி அது. கதவுக்கு வெளியே அலுமினியத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். தண்ணீர் இறங்கினால் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அரிப்பு பிடித்துக்கொள்ளும். காற்று புகும் வழியில் தண்ணீரும் புகும், அதனால் அப்படிப்பட்ட கதவைச் சும்மா விடக் கூடாது. இங்கே யார்க்‌ஷயர் குளிரில், ஓட்டுநர் கதவின் மேல் மூலையில் புகுந்த காற்றில் பத்து மைலுக்குள் வலது காது மரத்துப்போகும்.

கதவைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கைப் புதிதாகப் போட்டும் காற்று நிற்கவில்லை. கதவை ஓங்கிச் சாத்த வேண்டி வந்ததுதான் மிச்சம். அப்புறம் ஸ்ட்ரைக்கரைத் துடைத்துப் பார்த்தேன். விரல் தடிமனில் ஓர் இரும்பு முளை. அதன் மேல்பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அடிப்பக்கத்தில் பழைய கிரீஸ் கறுப்பாக அப்படியே. கதவு இறங்கிவிட்டது என்பதை அந்த முளையே சொல்லிவிட்டது.

கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் மேலும் கீழும் ஆடியது. கீல் ஆணி தேய்மானம். கீல்களை மாற்றி, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக வரும்வரை கதவைத் தூக்கி போல்ட்டை முறுக்கினேன். ஸ்ட்ரைக்கரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அதைத் தளர்த்தி ஒரு மயிரிழை உள்ளே தள்ளினேன். கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவே காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தேன். முன்பு வழுக்கிக்கொண்டு வந்த மேல் மூலையில் இப்போது கெட்டியாகப் பிடித்தது.

நம் வீட்டு மரக்கதவில் ஆசாரி செய்வதும் இதே வேலைதானே. கதவு இறங்கி, கொண்டி சரியாக விழவில்லை என்றால், கீலைப் பார்த்துவிட்டு நாதாங்கியைக் கொஞ்சம் தள்ளி அடிப்பார். ஆடுவது கொண்டி, நிலையில் நின்று அதைத் தாங்குவது நாதாங்கி. வண்டியிலும் அதே உறவுதான். கதவில் இருக்கும் பூட்டு வந்து கவ்வுகிறது, ஸ்ட்ரைக்கர் நின்று தாங்குகிறது. சொல்லிலேயே ‘தாங்கி’ இருக்கிறது. இந்த வழியில் போனால், கதவுக்குப் பின்னால் ஸ்ட்ரைக்கரைத் தாங்கி நிற்கும் வண்டியின் தூணான பில்லரும் ‘நிலைக்கால்’ ஆகிவிடும். கீல் ஏற்கெனவே இருக்கிறது. பீடிங்கை நான் மாற்ற மாட்டேன். பட்டறையில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்.

ஒரு மறுப்பு வரும், நியாயமானதும்கூட. பலர் பேச்சில் ‘நாதாங்கியைப் போடு’ என்றால் தாழ்ப்பாளைத்தான் சொல்கிறார்கள். அதனால் அகராதிப் பதிவில் ‘நிலைக்காலில் பொருத்தியது’ என்று சேர்த்தே எழுதுவோம். புழக்கத்தில் கொஞ்சம் பொருள் நழுவிய சொல்லைத் திருத்தி எடுப்பது, யாரும் சொல்லாத ‘அடிப்பானை’ப் புகுத்துவதைவிட எளிது.

நான் முன்வைக்கும் பதிவு இது:

நாதாங்கி – கதவு சாத்தும்போது அதன் பூட்டு கவ்விக்கொள்ள, நிலைக்காலில் பொருத்திய முளை அல்லது வளையம்.

இதன் பின்னால் வைத்து இதைச் சற்று வெளியே தள்ளும் ஷிம் என்ற மெல்லிய தகட்டுக்கு ‘இடைத்தகடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘ஆப்பு’ பொருந்தாது, அது ஒரு பக்கம் கூர்ந்திருக்கும், இது தட்டை. தச்சு வேலையோ பட்டறை வேலையோ தெரிந்தவர்கள் வேறு சொல் கேட்டிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.