பாஞ்ச் ஓக்கை அடையாளம் கண்டு, கொட்டையிலிருந்து வளர்ப்பது எப்படி?

மலைச்சரிவு:
உத்தராகண்டில் அல்மோரா பக்கம், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் வடக்கு பார்த்த சரிவு. பக்கத்துக் காட்டில் பல வகை ஓக் கலந்து நிற்கிறது. அவற்றில் பாஞ்ச் என்ற இமயமலை ஓக்கின் கொட்டை மட்டும் வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது? காயவைத்த கொட்டை முளைக்காது என்கிறார்களே, ஏன்?

இலைக்காம்பு:
தளிரை விடுங்கள், முற்றிய இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளைச் சாம்பலாக மெத்தென்ற ரோமம், விளிம்பில் ரம்பப் பல் இருந்தால் பாஞ்ச். அடிப்புற ரோமம் அடர்ந்து பழுப்பு மஞ்சளாக இருந்தால் ரியாஞ்ச் என்ற வேறு ஓக். பல் இலையின் நுனிப் பாதியில் மட்டும் இருந்தால் பல்யாண்ட்; ஓடைக்கரையில் அதிகம். இருபுறமும் பச்சையாக, ரோமமே இல்லாவிட்டால் திலோஞ்ச். கர்சு இன்னும் மேலே, 2,400 மீட்டருக்கு அப்பால்தான்.

நீலகிரித் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கை நினைத்துக் குழம்ப வேண்டாம். அது ஆஸ்திரேலிய மரம், ஓக் இனமே அல்ல.

நாற்றங்கால்:
கொட்டை டிசம்பர், ஜனவரியில் முற்றும். பழுப்பேறி, தொட்டதும் அதைத் தாங்கும் கிண்ணத்திலிருந்து கழன்று வருவதை எடுங்கள். பச்சையாக இருப்பதைப் பிடுங்காதீர்கள். முதலில் விழுபவை பெரும்பாலும் கூன்வண்டு தின்றவை. தோலில் ஊசி நுழைந்தாற்போல் துளை இருந்தால் கழித்துவிடுங்கள். மீதியை ஒரு நாள் தண்ணீரில் போட்டு, மிதப்பதையும் தள்ளுங்கள்.

நெல், பயறு மாதிரி இதைக் காயவைக்க முடியாது. உள்ளே ஈரம் குறைந்தால் கரு செத்துவிடும். உடனே விதைக்க வேண்டும். முடியாவிட்டால் ஈர மணலில் கலந்து குளிர்ந்த நிழலில் வையுங்கள். கொட்டையைப் படுக்கவைத்து 2 செ.மீ. மண் மூடினால் போதும். தண்டு வெளியே தெரியும் முன்பே ஆணிவேர் ஆழமாக ஓடிவிடும். அதனால் பையில் விதைத்தால் பை 25 செ.மீ. உயரமாவது வேண்டும், குட்டைப் பையில் வேர் அடியில் சுருண்டுகொள்ளும், நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. பாஞ்ச் மரத்தடி இலைமக்கைப் பைக்கு ஒரு பிடி கலந்துவிடுங்கள். வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை அதில்தான் வரும்.

மலைச்சரிவு:
நேராக நிலத்திலேயே ஊன்றினால்?

இலைக்காம்பு:
வேருக்கு அதுதான் நல்லது. ஆனால் எலி, முள்ளம்பன்றி, லங்கூர் குரங்கு தோண்டித் தின்றுவிடும். ஒரு குழிக்கு மூன்று கொட்டை ஊன்றி, மேலே முட்கிளை போட்டு மூடுங்கள்.

நாற்றங்கால்:
பை நாற்றென்றால் ஜூலை முதல் மழைகளில் நடுங்கள். தாமதித்தால் குளிருக்கு முன் வேர் பிடிக்காது. ஏற்கெனவே இருக்கும் புதர்களை முழுக்க வெட்ட வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் கன்றுக்கு அந்த ஓர நிழல் தேவை. சீர் பைன் என்ற ஊசியிலை மரத்தின் சருகை மட்டும் சுற்றிலும் அகற்றிவிடுங்கள், கோடையில் தீ அதில்தான் பரவும். கன்றின் நுனி ஆட்டுக்கு எட்டாத உயரம் வரும்வரை வேலியை எடுக்காதீர்கள்.