வலி ஏறிய பிறகு போட்ட மாத்திரை

13 வயதில் பீரியட்ஸ் ஆரம்பித்தது. முதல் வருடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் முதல் நாள் என்றாலே பயம்தான். அடிவயிற்றை உள்ளேயிருந்து பிழிவது போல வரும், விடும், மறுபடி வரும். தொடை வரை இறங்கும். கூடவே வாந்தி, பேதி. குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடப்பேன். அந்தச் சில்லிப்பு மட்டும்தான் ஆறுதல். "எல்லாருக்கும் வர்றதுதானே, பொறுத்துக்கோ" என்பார் அம்மா. அவருக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

மாத்திரை போட்டால் பழக்கமாகிவிடும் என்று வீட்டில் பயம். அதனால் தாங்கவே முடியாமல் போகும்வரை காத்திருந்து, வாந்திக்கு நடுவே போடுவேன். போட்டதும் வெளியே வந்துவிடும். "எனக்கு மாத்திரை கேட்காது" என்று 10 வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

24 வயதில் பார்த்த ஒரு டாக்டர்தான் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்குகிறது; இறுகும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைந்து வலிக்கிறது. குடலையும் அதுவே முடுக்கிவிடுவதால்தான் பேதி. ஐப்யூப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட், நாப்ராக்சென் என்ற வலி மாத்திரைகள் மூன்றும் அந்தப் பொருள் உருவாவதையே தடுப்பவை. சுரந்து முடிந்ததை அவற்றால் திருப்பி எடுக்க முடியாது. "வலி உச்சிக்குப் போனப்புறம் போட்டா எப்படிம்மா கேட்கும்?" என்றார்.

அடுத்த மாதம் இடுப்பு கனக்க ஆரம்பித்தவுடனே, ரத்தம் சரியாகப் படுவதற்கு முன்பே, சாப்பிட்டுவிட்டு ஐப்யூப்ரோஃபென் 400 மி.கி. போட்டேன். 8 மணி நேரம் கழித்து, வலி இல்லாதபோதே அடுத்தது. இரண்டு நாள் அப்படி. அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதல் நாளில் உட்கார்ந்து துணி மடிக்கிறோம் என்று உறைத்ததும் அழுதுவிட்டேன்.

அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடாதீர்கள்.

வெந்நீர்ப் பையும் சும்மா மனத் திருப்திக்கு இல்லை. 2001-இல் வந்த ஓர் ஆய்வில், சுமார் 39 டிகிரி சூடு தரும் பட்டையை வயிற்றில் கட்டியிருந்தவர்களுக்கும் ஐப்யூப்ரோஃபென் போட்டவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணம் கிடைத்திருக்கிறது. துணியில் சுற்றி வையுங்கள். நான் கொதிக்கக் கொதிக்க நேராக வைத்து வைத்து, வயிற்றில் வலை பின்னினாற்போல் பழுப்புத் தடம் விழுந்துவிட்டது.

*

தோழி சொன்ன அத்தனையும் நானும் செய்தேன். நேரம் பார்த்துத்தான் போட்டேன். எனக்கு அடங்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வலி இரண்டு நாள் முன்பே தொடங்கும், ரத்தம் நின்ற பிறகும் போகாது. அந்த நாட்களில் மலம் கழிக்கப் போனால் கத்தி இறங்குவது போல இருக்கும். இதை டாக்டரிடம் சொல்லவே வெட்கப்பட்டு வருடங்களை வீணாக்கினேன். மூன்று முறை ஸ்கேன், மூன்றும் நார்மல். "மனசை லேசா வச்சுக்கோங்க" என்று ஒருவர் அனுப்பிவிட்டார்.

பிறகு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: தேதி, வலி பத்துக்கு எத்தனை, போட்ட மாத்திரை, அன்றைக்கு எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. நான்கு மாத நோட்டைப் புதிய டாக்டர் பொறுமையாகப் புரட்டினார். "மலம் கழிக்கும்போது" என்று இருந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார். எண்டோமெட்ரியோசிஸ்: கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய். ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் இது இருக்கலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பேருக்கு இருந்தும் நான் 9 வருடம் அந்தப் பெயரையே கேள்விப்படவில்லை.

டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மி.கி. தினமும். முதல் சில மாதம் விட்டுவிட்டு ரத்தம் பட்டது, எரிச்சலாக இருந்தது. இப்போது பீரியட்ஸ் வருவதில்லை, அந்தக் கத்தியும் இல்லை. மருந்தை நிறுத்தினால் திரும்ப வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துதான் இருக்கிறேன்.

*

என் மகளுக்கு 15 வயது. "பொறுத்துக்கோ" என்று போன மாதம் நானும் சொன்னேன். இரண்டு பேர் எழுதியதையும் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "எனக்கும் டாய்லெட் போகும்போது வலிக்கும்மா" என்றாள். இதுவரை சொன்னதே இல்லை. இன்று இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் முதல் பக்கத்துக்குக் கோடு போட்டோம். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.