வேட்டியைக் கிழித்து ஒரு மம்மி: வீட்டுச் சாமானில் கட்டிய ஹாலோவீன் வேஷங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

ஹாலோவீனுக்குக் கடையில் வாங்காமல், வீட்டில் கிடந்ததை வைத்தே பிள்ளைகளுக்கு வேஷம் கட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எங்கள் கதையை நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தது நினைவிருக்கும். அக்டோபர் 31, வியாழக்கிழமை. விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், சாயங்காலம் வீடு வீடாக மிட்டாய் வசூல். கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். ஏழு வயது மகன் எகிப்து மம்மியாகத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

முதலில் டாய்லெட் பேப்பரைச் சுற்றிப் பார்த்தோம். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். குனிந்தான், முட்டியில் கிழிந்தது. கையைத் தூக்கினான், அக்குளில் கிழிந்தது. பத்து நிமிஷத்தில் வரவேற்பறை முழுக்கப் பேப்பர். சரி, துணிதான் என்று முடிவு செய்து அலமாரியைத் திறந்தால், கல்யாணங்களில் வைத்துக் கொடுத்த வேட்டிகள் பிரிக்காமலே அடுக்கியிருந்தன. என் கணவர் வருஷத்துக்கு ஒருமுறை கட்டினால் அதிகம். ஒரு எட்டு முழ வேட்டியை எடுத்து, கத்தரியால் நுனியில் சின்னதாக வெட்டிவிட்டுக் கையால் சர்ரென்று கிழித்தேன். 3 அங்குல அகலத்தில் நீளவாக்கில் 16 பட்டை கிடைத்தது. கையால்தான் கிழிக்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கி, பழைய துணி மாதிரித் தெரியும்.

அந்தச் சத்தம் கேட்டு அத்தை அடுப்படியிலிருந்து வந்தார். "ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா புது வேட்டியைக் கிழிக்கிறியே! என்னத்துக்கு?" என்றார். என்னவென்று சொல்ல? மம்மி என்றால் பதம் பண்ணி வைத்த பிணம் என்று பேரனே விளக்கமாகச் சொல்லிவிட்டான், அதுவும் உற்சாகமாக. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று மாலை வரை என்னோடு பேச்சு இல்லை.

பழைய துணி மாதிரிப் பழுப்பேற, பட்டைகளைக் கெட்டி டீ டிகாஷனில் ஒரு ராத்திரி ஊற வைத்தேன். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். பருத்திதான் டீயைக் குடிக்கும். பாலியெஸ்டர் கலந்த வேட்டி ஒன்றையும் கூடவே போட்டிருந்தேன், அது போட்டபடியே வெள்ளையாக வெளியே வந்தது.

முன்னோட்டமாக ஞாயிற்றுக்கிழமை அவனைத் தலையிலிருந்து கால்வரை சுற்றி, ஊக்குக் குத்தி, கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். பிரமாதம். அப்போது பார்த்து, "அம்மா, பாத்ரூம்." ஊக்குகளைத் தேடிக் கழற்றுவதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. பழைய வெள்ளை முழுக்கைச் சட்டையிலும் குளிருக்கு உள்ளே போடும் தெர்மல் பேண்ட்டிலும் பட்டைகளைத் தனித்தனியாகத் தைத்துவிட்டால் சாதாரண உடுப்பு மாதிரி கழற்றி மாட்டலாம். பட்டர் குக்கீஸ் டின்னைத் திறந்து ஊசி நூலை எடுத்தேன் (உங்கள் வீட்டிலும் அதில் குக்கீஸ் இருக்காது என்று தெரியும்). பாதி தைக்கும்போது அத்தை வந்து உட்கார்ந்தார். "இப்படித் தச்சா நாலு வீடு போறதுக்குள்ள பிரிஞ்சுடும்" என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டார். முதுகுப் பக்கம் முழுக்க அவர் தையல்தான்.

தீபாவளியன்று காலை சாமி முன்னால் புதுத் துணிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஓரத்தில் மஞ்சள் வைத்துக்கொண்டே வந்தவர், கடைசியில் மம்மிச் சட்டையையும் எடுத்துக் காலர் பக்கத்தில் ஒரு பொட்டு மஞ்சள் தடவினார். "இன்னிக்கு உடுத்துறதுதானே" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

அந்த அக்டோபர் இங்கே மழையே இல்லாத மாதம். 31-ஆம் தேதி வெப்பம் 80 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் போனது. கோடைக்காக முன்னால் தள்ளி வைத்த கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவது இங்கே 2007-இலிருந்து நவம்பருக்குத் தள்ளிப் போய்விட்டதால், ஹாலோவீனில் ஆறு மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினோம். தெர்மலுக்குள் பையன் வியர்த்துக் கொட்டினான். டீயில் ஊறிய துணியை நான் அலசாமல் காயப்போட்டிருந்தேன், அதனால் ஐந்தாவது வீட்டில் கழுத்திலிருந்து பழுப்பாக ஒழுக ஆரம்பித்தது. கதவைத் திறந்த பாட்டி பயந்தே போனார். கைநிறைய மிட்டாய் அள்ளிப் போட்டார்.

நியூ ஜெர்சிதான், கொஞ்சம் தெற்கே

எங்களுடையது 2012 கதை. அக்டோபர் 29 ராத்திரி சாண்டி புயல் அடித்தது. மரம் விழுந்து கம்பி அறுந்து, எங்கள் தெருவில் ஒன்பது நாள் கரண்ட் இல்லை. தெருவெல்லாம் அறுந்த கம்பி கிடக்கும்போது குழந்தைகள் இருட்டில் சுற்றக் கூடாது என்று ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி ஹாலோவீனையே நவம்பர் 5-க்குத் தள்ளி வைத்து உத்தரவு போட்டார். பண்டிகையை அரசாங்கம் தள்ளி வைத்து அன்றுதான் பார்த்தேன்.

மகளுக்கு ஆர்டர் பண்ணிய இளவரசி கவுன் எங்கேயோ மாட்டிக்கொண்டது. ஐந்து வயசு, ஒரே அழுகை. அந்த வாரம் ஊர் முழுக்க எல்லாரும் அலைந்தது இரண்டுக்குத்தான்: பெட்ரோல், டார்ச்சுக்குப் போடும் பெரிய 'டி' பேட்டரி. பெட்ரோலுக்கு நம்பர் பிளேட்டில் ஒற்றைப்படையா இரட்டைப்படையா பார்த்து முறை வைத்துவிட்டார்கள். பேட்டரி எந்தக் கடையிலும் இல்லை. என் வீட்டுக்காரர்தான், "இவளையே பேட்டரி ஆக்கிடலாமே" என்றார்.

கறுப்புக் குப்பைப் பை உடம்புக்கு. மளிகைக் கடைப் பழுப்புப் பையைக் கசக்கி விரித்துத் தோளைச் சுற்றி ஒட்டினோம். முன்னால் பெரிதாக 'டி' எழுத்து. தலைக்கு எவர்சில்வர் டபரா, கவிழ்த்து, எலாஸ்டிக் கோத்துத் தாடையில் மாட்டினோம். அதுதான் பிளஸ் முனை. எல்லாம் மெழுகுவத்தி வெளிச்சத்தில். போன வீட்டில் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தர், "எங்கே கிடைத்தது, இன்னும் ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டார். அத்தனை நாளில் அந்தத் தெரு சிரித்தது அன்றைக்குத்தான். கவுன் நவம்பர் கடைசியில் வந்து சேர்ந்தது. அதை அவள் போட்டதாக எனக்கு நினைவில்லை.

சிகாகோ பக்கம்

நான் அப்பா. அட்டைப்பெட்டி ரோபோ செய்தவன் என்ற முறையில் எச்சரிக்கிறேன்.

டயப்பர் பெட்டி உடம்புக்கு, ஷூ பெட்டி தலைக்கு, மேலே அலுமினியம் ஃபாயில். கைக்கு, துணி காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போகும் வெள்ளி நிற மடிப்புக் குழாய், பழையது ஒன்று கராஜில் இருந்தது. பாட்டில் மூடிகள் பட்டன். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து செய்தேன்.

கைத் துளைகளை டீ-ஷர்ட் அளவுக்கு வெட்டியதுதான் தப்பு. 2019 ஹாலோவீன் அன்று இங்கே பனி கொட்டியது. ஜாக்கெட் போட்டால் பெட்டிக்குள் கை நுழையவில்லை. ஜாக்கெட் இல்லாமல் அனுப்ப அவன் அம்மா விடவில்லை. வாசலில் நின்றுகொண்டு பெட்டி கட்டரால் துளையைப் பெரிதாக்கினேன், பக்கவாட்டு அட்டை முழுசாகப் பிளந்தது. டேப் போட்டு ஒட்டிக் கிளம்பினோம். ஈரத்தில் அட்டை தொளதொளவென்று ஆகி, மூன்றாவது வீட்டில் ரோபோ ஒரு பையனும் இரண்டு குழாயும் ஆகிவிட்டது.

அட்டைப்பெட்டி போட்டுக்கொண்டு காரில் சீட் பெல்ட் போட முடியாது, உட்காரவும் முடியாது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

டாலஸ்

எங்களுக்கு ஜெல்லிமீன். கண்ணாடி போல உள்ளே தெரியும் குடை, பார்சலில் வந்த குமிழ் பிளாஸ்டிக்கை நாடா நாடாவாக வெட்டிக் குடை ஓரத்தில் தொங்க விட்டது, உள்ளே நவராத்திரிக் கொலுவுக்குப் போட்ட பேட்டரி சீரியல் விளக்கு. இருட்டில் அப்படி ஒரு அழகு! ஆனால் நாலைந்து பிள்ளைகள் ஒரே வாசலில் நிற்கும்போது குடைக்கு இடமில்லை. என் மகள் எல்லா வீட்டிலும் கடைசி ஆள். பூசணிக்காய்க்குள் நிஜ மெழுகுவத்தி வைத்திருக்கும் வீடுகளில் தொங்கும் பிளாஸ்டிக்கைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே நடந்தேன்.

மறுபடியும் எடிசன்

வேட்டிப் பட்டைகளை ஊற வைக்க எவ்வளவு டீ போட்டேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு பெரிய குக்கர் தண்ணீருக்கு 20 டீ பை, ஒரு கைப்பிடி உப்பு. ஊறியதும் பச்சைத் தண்ணீரில் நிறம் விடாத வரை அலசுங்கள், நான் அதைத்தான் செய்யவில்லை. கிழித்ததில் மிஞ்சிய பச்சைக் கரையை அத்தை வீணாக்கவில்லை, குளிருக்கு உள்ளே எடுத்து வைத்த கறிவேப்பிலைச் செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

பேட்டரிக் கதையை மகனுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அடுப்படியில் டபராக்களை ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.